பவுண்டரிக்காரரின் ஏ.என்.ஏ. ரிப்போர்ட்

உடம்பு தன் செல்களையே எதிர்க்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பதுதான் ஏ.என்.ஏ. பரிசோதனை. எங்கள் லேபுக்கு அதற்காக வரும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை. எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதத்தில் நான்குக்கு மூன்று பேர். தோல் இறுகிப் போகும் ஸ்கிளீரோடெர்மாவிலும் பெண்கள்தான் அதிகம். அதனால், ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் ஒருவரின் ஸ்லைடு மைக்ராஸ்கோப்பில் பளீரென்று ஒளிர்ந்தால், இவர் என்ன வேலை பார்த்தார் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். பதில் படிவத்தில் இருக்காது. பெயர், வயது, ஆணா பெண்ணா, அனுப்பிய டாக்டர், மாதிரி எடுத்த நேரம், அவ்வளவுதான். 'நோய் விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. பாதி நேரம் அதில் ஒரு கோடு கிழித்திருக்கும், மீதி நேரம் 'மூட்டுவலி' என்று எழுதியிருக்கும்.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஊரே பம்புசெட்டிலும் மோட்டாரிலும் கிரைண்டரிலும் வளர்ந்தது. பம்பின் உடம்பும் இம்பெல்லரும் மோட்டாரின் கூடும் மணல் அச்சில் வார்த்த இரும்பு. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் போனால் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு பவுண்டரி. அச்சுக்கான மணல் சாதாரண மணல் இல்லை, சிலிக்கா மணல். உருகிய இரும்பின் சூட்டைத் தாங்குவது அதுதான். அதோடு பெண்டோனைட் களிமண், கரித்தூள், தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அச்சு கட்டுவார்கள். வார்ப்பு ஆறியதும் பெட்டியைத் தட்டி உடைக்கும்போது அந்த மணல் காய்ந்து பொடியாகிப் பறக்கும். அடுத்து ஃபெட்லிங். வார்ப்பில் ஒட்டியிருக்கிற மண்ணைச் சுரண்டி, பிசிறை வெட்டி, கிரைண்டரில் பிடித்துத் தேய்ப்பது. பவுண்டரியிலேயே தூசி அதிகமான வேலைகளில் அது ஒன்று. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் செய்வார்கள். நுரையீரலின் அடிவரை போகும் தூசி 5 மைக்ரானுக்கும் குறைவானது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். துண்டின் நெசவு அந்தத் தூசிக்குத் தெருவாசல் மாதிரி.

சிலிக்கா தூசி தங்கி நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் பற்றித் தமிழில் ஓரளவு எழுதியிருக்கிறார்கள். மூச்சுத் திணறல், எக்ஸ்ரேயில் புள்ளிகள், காசநோய் என்று தவறாக நினைத்துக் கொடுக்கப்படும் மாத்திரைகள் எல்லாம் வந்தாயிற்று. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேறு. நுரையீரலில் தங்கிய தூசி ரத்தத்திலும் தடம் விடுகிறது. அந்தத் தடம் என் மேசைக்கு வருகிறது. அதை எடுத்துக்கொண்டு போகிறவரிடம் யாரும் தூசியைப் பற்றிக் கேட்பதில்லை.

முதலில் பரிசோதனையைச் சொல்லிவிடுகிறேன், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் செல்களின் உட்கருவில் இருக்கும் பொருள்களையே எதிரி என்று நினைத்து உடம்பு எதிர்ப்புரதம் உண்டாக்கினால், அவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் ஏ.என்.ஏ. ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை எடுத்து 1:80 அளவில் நீர்க்க வைப்போம். கண்ணாடி ஸ்லைடில் சின்னச் சின்ன வட்டங்களில் மனித செல்களை ஏற்கெனவே ஒட்டி அனுப்பியிருப்பார்கள். ஹெப்-2 என்று பெயர். குரல்வளைப் புற்றுநோயிலிருந்து வளர்த்த செல்கள் என்று சொல்லி உலகமெல்லாம் பரவியவை இவை. பிறகு சோதித்தபோது, 1951-ல் பால்டிமோரில் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் ஹீலா செல்கள் கலந்து அந்த இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. கோவை பவுண்டரித் தொழிலாளியின் ரத்தம் எதோடு சண்டை போடுகிறது என்று அந்த அமெரிக்கப் பெண்ணின் செல்லில்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வட்டத்துக்கு ஒரு சொட்டு சீரம். ஈரப்பதம் உள்ள பெட்டியில் அரை மணி நேரம். கழுவ வேண்டும். எதிர்ப்புரதம் இருந்தால் செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடும். அதன்மேல் ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு எதிர்ப்புரதம். மறுபடி அரை மணி நேரம், மறுபடி கழுவல், மேலே ஒரு மெல்லிய கண்ணாடி. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டும். நெகட்டிவ் என்றால் மங்கலான பச்சைப் புகை மாதிரி தெரியும், உருவம் எதுவும் நிற்காது. பாசிட்டிவ் என்றால் உட்கருக்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். சீராக முழுக்க ஒளிர்ந்தால் ஒரு வகை. பொடிப்பொடியாக இருந்தால் ஒரு வகை. எண்ணினால் நாற்பதைத் தாண்டும் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் அது சென்ட்ரோமியர். ஸ்கிளீரோடெர்மாவில் வரும் எஸ்.சி.எல்.-70 என்ற எதிர்ப்புரதத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. உட்கரு முழுக்க மெல்லிய பொடியாக ஒளிரும், உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸும் தனியே தெரியும், பிளவுபடும் செல்லில் குரோமோசோம் பட்டையும் சேர்ந்து ஒளிரும். பழகிய கண்ணுக்கு அது உடனே பிடிபடும். அதற்குப் பிறகு சீரத்தை 160, 320, 640 என்று நீர்க்கவைத்து, எதுவரை ஒளி தாங்குகிறது என்று பார்ப்போம்.

இப்போது அந்தப் பெரியவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய முதல் குழாயில் ரத்தம் சிதைந்திருந்ததால் மறுபடி வரச் சொல்லியிருந்தோம். கீழே ரத்தம் எடுக்கும் பெண் நரம்பு கிடைக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் முன்னங்கைத் தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியிருந்தது, கிள்ளினால் மடிப்பு வரவில்லை. விரல்கள் பாதி வளைந்தபடி நின்றிருந்தன. நுனிகளில் ஆறிப்போன சின்னச் சின்னப் பள்ளங்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு விரல்கள் வெளுத்து, அப்புறம் நீலமாகின.

"கையைக் கொஞ்சம் மூடுங்க ஐயா."

"மூடாதுங்க அம்மணி. ரெண்டு வருசமா இப்படித்தானுங்க."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வாட்ச்மேனுங்க. அபார்ட்மென்ட்ல."

"அதுக்கு முன்னாடி?"

"பவுண்டரிலதானுங்க. ஃபெட்லிங். கல்யாணத்துக்கு முன்னாடியே சேந்தது. மூச்சு வாங்குதுன்னு நின்னுட்டேன்."

காசநோய்க்கு இரண்டு முறை ஆறு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். சளியில் கிருமி ஒரு முறைகூடத் தெரியவில்லையாம், எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் கொடுத்தார்களாம். இப்போது மூட்டு டாக்டரிடம் வந்திருக்கிறார். எக்ஸ்ரே பார்த்தவர் கையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தவருக்குப் பவுண்டரிக் கதை தெரியாது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தும்போது கேட்டார், "மூட்டுவலிக்கு எடுக்கற ரத்தத்துக்கும் நான் பாத்த வேலைக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவருடைய ஏ.என்.ஏ. 640 வரை தாங்கியது. எஸ்.சி.எல்.-70 முகம்தான். எதிர்ப்புரதங்களைத் தனித்தனியே காட்டும் பட்டைப் பரிசோதனையிலும் அதுவே உறுதியானது.

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இங்கே முயன்று பார்க்கிறேன்.

நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுத்தம் செய்யவென்றே மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் இருக்கின்றன. கிருமியோ புகையோ தூசியோ, கண்டதை விழுங்கிச் செரித்துவிடும். சிலிக்காவைச் செரிக்க முடியாது. விழுங்கிய துகள் செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பையைக் கிழித்துவிடுகிறது. அந்தக் கிழிசலைச் செல் எப்படி உணர்கிறது என்பது 2008-ல்தான் தெளிவானது. என்.எல்.ஆர்.பி.-3 என்ற புரத அமைப்பு விழித்துக்கொண்டு, இன்டர்லூகின்-1 என்ற அழற்சிச் சைகையை வெளியே அனுப்புகிறது. செல் செத்துப் போகிறது. துகள் அப்படியே வெளியே வருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது, அதுவும் சாகிறது. வேலையை விட்டு நின்ற பிறகும் சிலிகோசிஸ் வளர்ந்துகொண்டே போவதற்கு இதுதான் காரணம். ஆள் பவுண்டரியை விட்டுவிட்டார், பவுண்டரி அவரை விடவில்லை.

இப்படிச் செத்துப்போகும் ஒவ்வொரு செல்லும் தன் உட்கருச் சரக்கை வெளியே கொட்டுகிறது. சாதாரணமாக அது சத்தமில்லாமல் அகற்றப்பட்டுவிடும், நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. இங்கே வருடக்கணக்காக, அழற்சிக்கு நடுவில் கொட்டுகிறது. தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊசியில் போகும் சரக்கை உடம்பு அலட்சியப்படுத்தாமல் கவனிக்கவைக்க அது ஒரு தூண்டுபொருள். அந்த உப்பும் இதே என்.எல்.ஆர்.பி.-3 வழியைத் தட்டுவதாகக் காட்டியிருக்கிறார்கள். சிலிக்கா செய்வதும் அந்தத் தூண்டுகோல் வேலைதான், ஆனால் கூட இருக்கும் சரக்கு நம்முடையதே. இன்னொரு பக்கம், நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கும் காவல் செல்கள் சிலிகோசிஸ் நோயாளிகளிடம் சீக்கிரமே அழிகின்றன என்று ஜப்பானின் குராஷிகியில் உள்ள ஆய்வாளர்கள் பல வருடமாக எழுதிவருகிறார்கள். தூண்டுதல் அதிகம், கடிவாளம் குறைவு.

பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். முடக்குவாதத்துக்கான ஆன்டி-சி.சி.பி. என்ற எதிர்ப்புரதத்தின் கதை நுரையீரலில் தொடங்குகிறது என்று இன்று பலர் நினைக்கிறார்கள். ஸ்வீடனில் பல வருடம் நடந்த ஓர் ஆய்வில், சிலிக்கா தூசியும் புகைப்பழக்கமும் சேர்ந்த ஆண்களிடம் இந்த எதிர்ப்புரதம் உள்ள முடக்குவாதத்தின் ஆபத்து, இரண்டையும் தனித்தனியே கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1914-ல் எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்ற மருத்துவர் தான் பார்த்த ஒன்பது ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒன்பதில் ஐந்து பேர் கல் தச்சர்கள். பெண்களுக்கு வரும் நோய் என்று பெயரெடுத்த ஒன்று, உளி பிடித்த ஆண்களிடம் வரிசையாக வந்திருக்கிறது. 1957-ல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் எராஸ்மஸ் என்பவர் அதையே கண்டார். சிலிக்காவோடு சேர்ந்து வரும் ஸ்கிளீரோடெர்மாவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

எனக்கு அதிகம் பிடித்தது கேப்ளன் கதை. ஆன்டனி கேப்ளன் வேல்ஸின் கார்டிஃப் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் மருத்துவக் குழுவில் இருந்தவர். நுரையீரலில் எவ்வளவு தூசி என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள், எல்லாம் ஒரே மாதிரி. அந்தக் குவியலில் சில படங்கள் மட்டும் ஒத்துப்போகவில்லை. மற்ற இடங்களில் தூசி அதிகம் தெரியாத நுரையீரலில், ஓரங்களை ஒட்டி, அரை சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டர் வரை, விளிம்பு தெளிவான உருண்டைகள். திடீரென்று கூட்டமாகக் கிளம்புபவை. அந்தப் படங்களுக்கு உரியவர்களின் கைகளைப் பார்த்தால் முடக்குவாதம். 1953-ல் அதை எழுதினார். சிலருக்கு உருண்டைகள் முதலில் வந்து, மூட்டு பிறகுதான் வீங்கியது. இழப்பீட்டு ஆபீஸில் உட்கார்ந்து படம் பார்த்தவர், படத்துக்கு வெளியே இருந்த கையையும் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

அதே காலத்தில் ஆர்ச்சி காக்ரேன் குழுவினர் ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கணக்கெடுத்தார்கள், கேப்ளனும் அதில் சேர்ந்துகொண்டார். தூசி முடக்குவாதத்தை உண்டாக்குவதில்லை, முடக்குவாதத் தன்மை உள்ள உடம்பு தூசிக்கு வேறு விதமாகப் பதில் சொல்கிறது என்பதுதான் அன்று அவர்கள் சாய்ந்த பக்கம். ஸ்வீடன் ஆய்வை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

என் வேலைக்கு நெருக்கமானது 1962-ல் வந்தது. மூட்டுவலியே இல்லாத தொழிலாளிகளிடமும் அந்த மாதிரி எக்ஸ்ரே இருந்தது. கேப்ளனும் கூட இருந்தவர்களும் அவர்களுடைய ரத்தத்தில் ருமட்டாய்ட் ஃபேக்டர் என்ற முடக்குவாத எதிர்ப்புரதத்தைத் தேடினார்கள். நார்வேயின் வாலர் 1940-ல் ஆட்டு ரத்த அணுக்களை வைத்து முதலில் கண்ட, இன்று ஆர்.ஏ. ஃபேக்டர் என்று தெருமுனை லேபிலும் பார்க்கிற அதே எதிர்ப்புரதம்தான். அவர்களில் பெரும்பாலோருக்குப் பாசிட்டிவ். மூட்டு ஒழுங்காக இருக்கிறது, ஆனால் நுரையீரலிலும் ரத்தத்திலும் அது பதிவாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு தேடிய இடத்திலெல்லாம் கிடைத்தது. கிழக்கு ஜெர்மனியில் விஸ்மூட் யுரேனியச் சுரங்கங்களில் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா தூசியில் வேலை செய்த ஆண்களிடம் லூபஸும், நோய் வெளிப்படும் முன்பே அதற்கும் ஸ்கிளீரோடெர்மாவுக்கும் உரிய எதிர்ப்புரதங்களும் கண்டார்கள். ஸ்பெயினில் பாத்திரம் தேய்க்கும் பவுடர் தயாரிக்கும் ஆலையில் சிலிக்காவில் வேலை செய்த 50 பேரைப் பரிசோதித்து 1993-ல் எழுதினார்கள். 32 பேருக்கு ஏதோ ஒரு ஆட்டோ இம்யூன் தொந்தரவு, அதாவது உடம்பே உடம்பைத் தாக்குவது. கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன், ஸ்கிளீரோடெர்மா, லூபஸ், எதிலும் முழுதாக அடங்காத கலவைகள். நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற பவுடர் மாதிரி ஒன்றுதான் என்பதால் எனக்கு இது மறப்பதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் பக்கம் பார்த்தால், அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற சிற்றூர். அங்கே வெட்டிய வெர்மிகுலைட் என்ற கனிமத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. 1990-ல் சுரங்கம் மூடியது. அந்த ஊர்க்காரர்களின் சீரத்தை அதே மாநிலத்தின் மிசூலாக்காரர்களோடு ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார்கள். லிபியில் ஏ.என்.ஏ. அதிகம் பேருக்கு இருந்தது, நீர்க்க நீர்க்கத் தாங்கும் அளவும் கூடுதல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது "எனக்கு ஒரு ஏ.என்.ஏ. பாருங்க" என்று வந்து நிற்க வேண்டாம். ஒரு நோயும் இல்லாதவர்களிடமும் இது பாசிட்டிவ் ஆகும். 1997-ல் பல நாட்டு லேபுகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களில் 1:40-ல் 100-க்கு 30 பேருக்கு மேல் பாசிட்டிவ். 1:80-ல் 13 பேர், 1:160-ல் 5 பேர், 1:320-ல்கூட 3 பேர். ஆர்.ஏ. ஃபேக்டர் வயதானால் ஏறும், காசநோயில் ஏறும், நாள்பட்ட வேறு தொற்றுகளிலும் ஏறும். தூசி வேலை பார்த்தவரிடம் அது பாசிட்டிவ் என்றால் தூசியால் ஏறியதா, காசநோயால் ஏறியதா, உண்மையிலேயே முடக்குவாதம் வரப்போகிறதா என்று அந்த ஒரு எண் சொல்லாது. பாசிட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி, தூக்கம் கெட்டு, எங்களுக்கே போன் செய்கிறவர்கள் உண்டு. தூசி வேலையில் இருக்கிற எல்லோருக்கும் ஏ.என்.ஏ. எடுத்துத் தள்ளுவது பணத்துக்கும் மனசுக்கும் கேடு என்பதுதான் என் கருத்து. லேபில் வேலை செய்கிறவள் சொல்கிறேன், நம்பலாம். வேலையிடத்தில் முதலில் வேண்டியது தூசி உறிஞ்சும் வசதி, பொருத்தமான முகக்கவசம், ஒழுங்கான எக்ஸ்ரே. ரத்தம் அதற்கெல்லாம் பிறகு, அறிகுறி இருக்கும்போது.

குளிரில் விரல் வெளுத்து நீலமாவது, காலையில் எழுந்ததும் கை மூட்டுகள் ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்வது, விரல் தோல் தடிப்பது, கண்ணும் வாயும் காய்ந்துபோவது, சாப்பாடு நெஞ்சில் நின்று இறங்குவது. தூசி வேலை பார்த்த ஒருவரிடம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நுரையீரல் டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும். மூட்டு டாக்டரிடம் போனால் தூசியைச் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது, அதில்தான் ஆபத்தும் அதிகம்.

எப்படி என்றால், ஆட்டோ இம்யூன் நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. ஸ்டீராய்டு, மைகோஃபினோலேட், முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப். என்ற அழற்சிச் சைகையைத் தடுக்கும் ஊசிகள். சிலிக்கா தங்கிய நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. மேக்ரோஃபேஜ் செத்துக்கொண்டிருந்தால் கிருமியை யார் பிடிப்பது? அந்த நுரையீரலை வைத்துக்கொண்டிருப்பவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி போட்டால், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய் எழுந்து உட்காரும். தூசி வேலை என்று தெரிந்தால் டாக்டர் முதலில் மறைந்திருக்கும் காசநோயைத் தேடுவார், மருந்தை யோசித்துத் தேர்ந்தெடுப்பார், அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார். தெரியாவிட்டால் வழக்கமான சீட்டுதான்.

அந்தப் பெரியவரின் டாக்டருக்குத் தூசி வேலை தெரியவந்தது. ரிப்போர்ட்டின் குறிப்புப் பகுதியில் 'முன்பு பவுண்டரி ஃபெட்லிங் வேலை' என்று ஒரு வரி சேர்த்து, டாக்டருக்குப் போனிலும் சொன்னேன். எங்கள் வேலை எல்லைக்குக் கொஞ்சம் வெளியேதான், ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மேல் பகுதிகளில் சிலிகோசிஸின் முடிச்சுகள், விளிம்பில் முட்டை ஓடு போல் சுண்ணாம்பு படிந்த நிணநீர்க் கட்டிகள், கீழ்ப் பகுதிகளில் ஸ்கிளீரோடெர்மாவுக்கே உரிய தழும்பு. இரண்டு நோயும் ஒரே நெஞ்சில். முன்பு சாப்பிட்ட காசநோய் மாத்திரை தேவையாக இருந்ததா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. விரலுக்கு ரத்தம் ஓட நிஃபெடிபின் கொடுத்திருக்கிறார்கள், வலி குறைந்திருக்கிறது. நுரையீரலில் போனது போனதுதான். சிலிக்காவை வெளியே எடுக்கும் மருந்து கிடையாது.

இழப்பீடு பற்றியும் கேட்டார். அவருக்குப் பவுண்டரியில் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது, வாரக்கூலி. சீட்டு இருந்தாலும் சட்டம் நுரையீரலோடு நின்றுவிடுகிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் உண்டு, சிலிகோசிஸோடு சேர்ந்த காசநோயும் உண்டு. மடங்காத விரலுக்கு அதில் இடமில்லை. தென்னாப்பிரிக்கா தன் சுரங்கத் தொழிலாளிகளுக்கான சட்டத்தில் ஸ்கிளீரோடெர்மாவையும் இழப்பீட்டுக்குரிய நோயாகச் சேர்த்திருக்கிறது. எராஸ்மஸ் எழுதியதை அந்த நாடு காதில் வாங்கியிருக்கிறது. நம் நாட்டில் ராஜஸ்தான் 2019-ல் கொண்டுவந்த திட்டம் பாராட்டத் தக்கது. சிலிகோசிஸ் என்று உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அதுவும் எக்ஸ்ரேயைத்தான் கேட்கும்.

இப்போது இன்னொரு தூசி வந்திருக்கிறது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை. கிரானைட்டில் சிலிக்கா பாதிக்கும் குறைவு, இதில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல், மீதி பிசின். இஸ்ரேல், ஸ்பெயின், ஆஸ்திரேலியா எல்லா இடத்திலும் அதை வெட்டித் தேய்த்த இளைஞர்கள் முப்பது நாற்பது வயதிலேயே சிலிகோசிஸோடு வந்தார்கள். இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் அவர்களிடம் ஆட்டோ இம்யூன் நோய்கள் சேர்ந்து வந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. நம் ஊரில் புது ஃப்ளாட்டுகளில் அதைப் போடுவது கௌரவம். வெட்டுவது படிக்கட்டுப் பக்கத்தில், ஆங்கிள் கிரைண்டரில், தண்ணீர்கூட ஊற்றாமல்.

போன வருடம் எங்கள் லேபில் புது சாஃப்ட்வேர் வந்தபோது 'தொழில்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். வரும் பதில்கள்: கூலி, பிரைவேட், பிசினஸ், ஹவுஸ் ஒய்ஃப், வாட்ச்மேன், ரிட்டையர்ட். கூலி என்றால் பருத்தி மில்லா, கல் குவாரியா, கொத்து வேலையா என்று எப்படித் தெரியும்? இந்த நோய் பத்து இருபது வருடம் கழித்து வரும்போது ஆள் வேறு வேலையில் இருப்பார். அதனால் கட்டத்தின் பெயரை 'முன்பு பார்த்த வேலை' என்று மாற்றச் சொன்னோம். கவுண்டரில் இருக்கும் பெண் இப்போது வாய்விட்டே கேட்கிறாள், "அதுக்கு முன்னாடி என்ன வேலைங்க? மண்ணு, கல்லு, தூசி ஏதாவதுங்களா?" வரிசை நீளும்போது பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஹவுஸ் ஒய்ஃப் என்று பதிந்திருந்த ஓர் அம்மா போன வாரம், "கல்யாணத்துக்கு முன்னாடி பன்னெண்டு வருசம் பவுண்டரி கோர் ஷாப்ல மண்ணு சலிச்சேனுங்க. அதையும் எழுதோணுங்களா?" என்று கேட்டிருக்கிறார். எழுதிக்கொண்டாள்.